நாற்பத்து மூன்று வீடும் ஒரு பஸ்ஸும்

அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் ஆடிக் கூழ் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஊரின் பழைய நாற்பத்து மூன்று வீடுகளையும் மைக்கில் வரிசையாகக் கூப்பிட வேண்டும். பேர் வந்ததும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்து ஒரு சொம்புக் கூழும் ஒரு கொத்து வேப்பிலையும் வாங்கிக்கொண்டு போவார். அவ்வளவுதான். கேட்பதற்கு ரேஷன் கடை மாதிரி இருக்கும். ஆனால் ரேஷன் கடையில் வரிசை தப்பினால் சண்டை அன்றைக்கே முடிந்துவிடும்.

இந்த வரிசையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கக் கூடாது. ஒரு காலத்தில் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு வருடம் மூன்று பேர் மூன்று காகிதத்தோடு வந்தார்கள். மூன்றிலும் எழுதியவர் வீடே முதலில் இருந்தது. அன்றைக்கு அம்மனுக்குக் கூழ் படைக்க சாயங்காலம் ஆகிவிட்டது. அதிலிருந்து, வாயில் வருவதுதான் வரிசை என்று ஊர் முடிவு செய்தது. போனும் காகிதம்தான் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தை எல்லாருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பினார்கள்.

கூப்பிடும் உரிமை வேம்புலி வீட்டுக்கு. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் பம்பைக்காரர் அடித்துக்கொண்டிருப்பார். மூன்று அடி விழுந்தும் பேர் வரவில்லை என்றால் ஒரு தவறு. மூன்று தவறு ஆனால் மைக் வேறு வீட்டுக்குப் போய்விடும். போனால் போனதுதான், திரும்பி வராது. இருபத்து இரண்டு வருடமாக வேம்புலி ஒரு தவறுகூடச் செய்ததில்லை. இந்த வருடம்தான் அவர் பல் எடுத்துக்கொண்டார்.

ஒன்றிரண்டு இல்லை, எல்லாப் பல்லும். புதுப் பல் செட் கூழுக்கு முன்னால் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதன்கிழமை டாக்டர் போன் செய்து, செட் செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார். கூழ் ஞாயிற்றுக்கிழமை. வேம்புலி ஒத்திகையாக நாற்பத்து மூன்று பேரையும் சொல்லிப் பார்த்தார். நாற்பத்து மூன்றும் காற்றாக வந்தன. முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் வித்தியாசம், காற்றின் வேகம் மட்டும்தான்.

அவருடைய மகள்கள் இருவரும் வெளியூரில். மிச்சம் இருந்தது தங்கை வரலட்சுமியின் மகன் ஹேமநாதன். பூந்தமல்லியில் ஒரு கல்லூரியில் பி.காம் மூன்றாம் வருடம். இவனுடைய ஞாபகசக்தியை ஊரே அறியும். போன மாதம் அம்மாவை வண்டியில் ஆவடி மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவன், காய்கறிப் பையை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அம்மா ஷேர் ஆட்டோவில் வந்தாள்.

"இவனா?" என்றாள் வரலட்சுமி.

வேம்புலி ஏதோ சொன்னார். காற்று வந்தது. கையை விரித்துக் காட்டியதில், வேறு யாரும் இல்லை என்பது புரிந்தது.

செய்தி ஆனந்தனுக்கும் போனது. ஆனந்தன் தண்ணீர் கேன் ஏஜென்சி வைத்திருப்பவர். ஊரில் நாற்பத்து மூன்றாவது வீடு அவருடையது. கோயிலுக்கு முதல்முதலாகக் கூரை போட்ட நாளில் யார் யார் எந்த வரிசையில் தென்னங்கீற்று கொண்டுவந்தார்களோ அதுதான் வரிசை. அன்றைக்கு ஆனந்தனின் கொள்ளுத்தாத்தா தன் தங்கை கல்யாணத்துக்காகப் பட்டாபிராம் போயிருந்தார். தகவல் கேள்விப்பட்டு, கழுத்து மாலையோடு, தலையில் கீற்றுக் கட்டோடு ஓடிவந்தார். வந்தபோது கூரை போட்டு முடித்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்யாணப் பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள், மாப்பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்தக் கூரையும் இல்லை. நாற்பத்து மூன்று மட்டும் திடமாக இருந்தது. வரிசையை மாற்ற முடியாது. வரிசையைச் சொல்லும் வாயாவது நம் வீட்டு வாயாக இருக்கட்டும் என்பது ஆனந்தனின் இருபது வருட ஆசை. அதில் தப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தெருமுனையில் ஹேமநாதனைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னா நைனா, நீதான் கூப்பிடப் போறியாமே."

"ஆமா பெரிப்பா."

"தகிரியமா கூப்டு. மூணு தபா வரிக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அன்றைக்கே ஹேமநாதன் தன் நண்பன் ஜெகனைத் தேடிப் போனான். ஜெகன் ஒரு வருடமாக யூடியூபில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, எதையும் செய்யாமல் இருப்பவன். போன வருடக் கூழை வீடியோ எடுத்ததும் அவன்தான். அதில் வேம்புலி பல்லோடு நாற்பத்து மூன்று வீட்டையும் கூப்பிட்டிருந்தார். வரிசை கிடைத்துவிட்டது. தலைக்குள் ஏற்றுவதுதான் பாக்கி.

"மச்சான், நீ தெனிக்கும் போற வழி ஒண்ண எட்த்துக்கோ," என்றான் ஜெகன். "வழில கீற ஒவ்வொரு எடத்துலயும் ஒரு ஊட்டு ஆள நிக்க வை. அப்பால மனசுக்குள்ள பஸ் ஏறி போய்கினே இரு. ஆளுங்க வரிசையா வந்துகினே இருப்பாங்க."

"சும்மா நிக்க வெச்சா போதுமா?"

"சும்மா நின்னா மறந்துடும். எதுனா கேவலமா பண்ணிகினு இருக்கணும். எவ்ளோ கேவலமோ அவ்ளோ ஞாபகம்."

"நம்ம ஊர்க்காரங்கள நான் கேவலமா பண்ணணுமா?"

"பண்ணத் தேவல மாமே. இருக்கறத கொஞ்சம் பெருசாக்குனா போதும்."

ஹேமநாதனுக்கு மூன்று வருடமாகத் தினமும் போகும் வழி ஒன்றுதான். ஏரிக்கரை, வேலப்பன்சாவடி, சென்னீர்குப்பம், கரையான்சாவடி, கடைசியில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு. பஸ்ஸில் நின்று நின்று வழியில் இருக்கும் ஒவ்வொரு பங்க், ஒவ்வொரு பேக்கரி, ஒவ்வொரு சுவரொட்டியும் பாடமாகியிருந்தது. பாடப்புத்தகம் மட்டும் ஆகவில்லை.

ஆளை ஏற்ற ஆரம்பித்தான். ஏரிக்கரையில் முதல் வீட்டு நாகம்மா எருமைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினாள். நுரை தெருவரைக்கும் வந்தது. வேலப்பன்சாவடி சிக்னலில் பன்னிரண்டாவது வீட்டுப் பார்வதம் ஒற்றைக் கையைக் காட்டி நாற்பது லாரியை நிறுத்திவைத்தாள். விசில் எதுவும் இல்லை. அவள் குரலே போதும். கரையான்சாவடியில் ஒரு டயர் கடை. அங்கே இருபத்து ஒன்பதாவது வீட்டுத் தேசிங்கு, அடுக்கிய டயர்களுக்குள் இறங்கித் தூங்கினார். அவர் விட்ட குறட்டையில் காற்று இல்லாத டயரெல்லாம் உப்பிக்கொண்டிருந்தது.

நாற்பத்து மூன்றாவது வந்தபோதுதான் யோசித்தான். ஆனந்தனை என்ன செய்வது? ஜெகன் சொன்னபடியே இருப்பதைக் கொஞ்சம் பெரிதாக்கினான். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்புகிறது. கழுத்தில் கல்யாண மாலையோடு, தலையில் கீற்றுக் கட்டோடு, இரண்டு கக்கத்திலும் தண்ணீர் கேனோடு ஆனந்தன் பின்னால் ஓடிவருகிறார். பஸ் நிற்காமல் போய்விடுகிறது. தினமும் ஓடிவருகிறார். தினமும் போய்விடுகிறது.

அதை நினைத்து அவனே பத்து நிமிடம் சிரித்தான். அதனால் அது அழியாமல் நின்றுவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் மாமா வீட்டில் ஒப்பித்துக் காட்டினான். நாற்பத்து மூன்றும் வழுக்கிக்கொண்டு வந்தன. திருப்பிச் சொல்லச் சொன்னார்கள்; பூந்தமல்லியில் பஸ் ஏறி வீட்டுக்கு வருவதுபோல நாற்பத்து மூன்றிலிருந்து ஒன்றுவரை சொன்னான். வேம்புலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வரலட்சுமி, "மார்க்கெட்ல என்ன விட்டுட்டு வந்தது நீதானாடா?" என்று கேட்டாள்.

ஞாயிறு காலையில் பூந்தமல்லிக்குப் போய் அம்மனுக்கு மாலை வாங்கிவர அவனைத்தான் அனுப்பினார்கள். போகும்போது கரையான்சாவடியில் பஸ் லேசாக ஒடித்துத் திரும்பியது. மெட்ரோ வேலைக்காக நேற்று இல்லாத நீலத் தகரம் இன்று வரிசையாக நின்றது. டயர் கடை தகரத்துக்குப் பின்னால் போயிருந்தது. ஹேமநாதன் அதைப் பார்த்தான், மாலையைப் பற்றி யோசித்தான், விட்டுவிட்டான்.

பதினோரு மணிக்குப் பந்தல் நிறைந்தது. ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில். ஏரிக்கு எதிர்ப்புறம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் பின்னால் ஓரமாக, கையில் ஸ்டீல் டம்ளரோடு. அவர்களுக்கு நம்பர் கிடையாது. எல்லாரும் வாங்கிய பிறகு வேறு சட்டியிலிருந்து பொதுவாக ஊற்றுவதுதான். முன்வரிசையில் ஆனந்தன் கால்மேல் கால் போட்டு, வலது கையை முழங்கால்மேல் வைத்து, விரல்களைத் தயாராக வைத்திருந்தார்.

ஹேமநாதன் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடினான். பஸ் கிளம்பியது.

"நாகம்மா வகையறா."

பம்பை அடித்தது. நாகம்மா எழுந்து வந்தாள். இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது. பஸ் நல்ல வேகத்தில் போனது. கண்ணை மூடியிருந்தவன் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் லேசாக முன்னால் சாய்ந்து நிமிர்ந்தான். பையனுக்குச் சாமி வரப்போகிறது என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

"பார்வதம் வகையறா."

பார்வதம் வந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். பம்பை ஒன்று அடித்தது. இரண்டு அடித்தது. ஹேமநாதன் அமைதியாக நின்றான். மூன்று அடித்தது. வேலப்பன்சாவடி சிக்னல் சிவப்பு. மூன்று வருடப் பழக்கம். அங்கே பஸ் நின்றால் அவனுக்கு மனம் வெறுமையாகிவிடும். போதாக்குறைக்குப் பார்வதம் வேறு கையைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஆனந்தன் ஒரு விரலை நீட்டினார்.

"சிக்னல ஜம்ப் பண்றா," என்று கீழேயிருந்து ஜெகன் கத்தினான்.

அதன் பொருள் பந்தலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பஸ் சிக்னலைத் தாண்டிவிட்டது. பதின்மூன்றாவது வீடு வந்தது. பதினெட்டு, இருபது, சென்னீர்குப்பத்தில் இருபத்து நான்கு. இருபத்து எட்டாவது வீட்டுக்காரர் சொம்போடு திரும்பிப் போனபோது, பஸ் கரையான்சாவடிக்குள் நுழைந்தது.

அங்கே தகரம் நின்றது.

நீலத் தகரம். அடுத்தும் தகரம். அதற்கடுத்தும் தகரம். டயர் கடை இல்லை. டயர் இல்லை. டயருக்குள் யாரோ இருந்தார்கள், யார்?

பம்பை ஒன்று. ஹேமநாதன் தகரத்தின்மேல் ஏறிப் பார்க்க முயன்றான். பம்பை இரண்டு. வரலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பம்பை மூன்று. ஆனந்தன் இரண்டாவது விரலை நீட்டினார். அதை அவசரமில்லாமல் நீட்டினார்.

அடுத்த மூன்று அடிக்குள் பேர் வரவில்லை என்றால் மைக் கைமாறிவிடும். வேம்புலி எழுந்து நின்று, பல்லில்லாத வாயால் பேரைச் சொல்லிக்கொடுத்தார். காற்று வந்தது.

"தகரம் போட்டுட்டாங்க," என்றான் ஹேமநாதன். மைக் அவன் வாயருகே இருந்தது. "ஒண்ணும் தெரியல. தகரத்துக்குப் பின்னால குறட்டை சத்தம் மட்டும் கேக்குது."

பந்தல் ஒரு நொடி அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், நான்காவது வரிசையிலிருந்து நிஜமாகவே ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது.

"தேசிங்கு," என்றான் ஹேமநாதன். "தேசிங்கு வகையறா."

பந்தல் இடிந்துவிடும்போலச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் தேசிங்கை உலுக்கி எழுப்பினார். "இன்னா, ஊடு வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்து நடந்தார். கூழ் வாங்கும்போதுதான் எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. ஊர்க்காரர்களை மனசுக்குள் பஸ் வழியில் நிற்கவைத்திருக்கும் வித்தையைக் கீழேயிருந்து ஜெகன் விளக்கினான். "என்ன எங்கடா வெச்சிருந்த?" என்று மேடையைப் பார்த்துக் கேட்டார். கரையான்சாவடி டயர் கடையில், டயருக்குள், குறட்டையால் காற்றடித்துக்கொண்டிருந்ததை ஹேமநாதன் மறைக்காமல் சொன்னான். தேசிங்கு சற்று யோசித்தார்.

"லாரி டயரா, சைக்கிள் டயரா?"

"லாரி டயரு."

"அப்ப சரி," என்று சொம்போடு போய் உட்கார்ந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். பார்வதம் விடவில்லை. ஏற்கெனவே கூழ் வாங்கிக் குடித்து முடித்தவள் எழுந்து நின்றாள். "ஏண்டா, தேசிங்குக்கு மட்டும் கதையா? நாங்க இன்னா வெறும் பேரா? எனக்கு இன்னா வெச்சிருந்த?"

"வேலப்பன்சாவடில ஒத்தக் கைய காட்டி நாப்பது லாரிய நிறுத்தி வெச்சிருந்தீங்க அத்தை. என் பஸ்ஸயும் சேத்து. அதான் மொதல்ல லேட்டாயிடுச்சு."

பார்வதம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாப்பதா?"

"ஆமா."

"அம்பதுன்னு சொல்லு," என்று உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வெறும் பேரை வாங்கிக்கொண்டு போக யாரும் தயாராக இல்லை. முப்பதாவது வீட்டுக் கன்னியப்பன் சுவிட்ச் ஆஃப் செய்த போனில் பேசிக்கொண்டிருந்தார். துபாயில் இருந்த மருமகனுக்கு நேராகவே கேட்டது. முப்பத்து நான்காவது வீட்டுப் பச்சையம்மா பெட்ரோல் பங்கில் வண்டிக்கு இலவசமாகக் காற்றடிக்கும் இடத்தில், "கொசுறு காத்து போடு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சுவார்த்தை இல்லாத முனுசாமியும் அவர் தம்பியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, தள்ளி உட்காரும்படி ஒருவருக்கொருவர் கண்டக்டர் மூலம் சொல்லியனுப்பினார்கள். இதைக் கேட்டு அண்ணன் சிரித்தார். தம்பி சிரித்தார். சிரித்ததை ஒருவரையொருவர் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பம்பைக்காரர் சிரிப்பில் இரண்டு அடியை விழுங்கினார். அடுப்பில் கூழ் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் கவலைப்படவில்லை.

நாற்பத்து இரண்டு முடிந்தது. பஸ் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது.

ஹேமநாதன் கண்ணைத் திறந்தான். எதிரே ஆனந்தன். நீட்டிய இரண்டு விரல்களும் இன்னும் நீட்டியபடியே இருந்தன.

"ஆனந்தன் பெரிப்பா வகையறா," என்றான் வேகமாக.

ஆனந்தன் எழுந்திருக்கவில்லை. "பேர்தான் தெரியுமே. எல்லாருக்கும் சொன்னியே, எனக்கு இன்னா வெச்சிருக்கன்னு சொல்லு. சொல்லலன்னா நீ மறந்துட்டன்னு அர்த்தம்." மூன்றாவது விரல் பாதி எழுந்தது. "பம்பை, நீ அடி."

பம்பை ஒன்று.

பந்தலில் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி வீட்டுக் கதை எல்லாருக்கும் தெரியும். ஹேமநாதனுக்கு மனதுக்குள் படம் பளிச்சென்று தெரிந்தது. மாலை, கீற்று, கேன், ஓட்டம். நான்கு நாளாக அவன் சிரித்த சிரிப்பு. இப்போது எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தால் அது சிரிப்பாக வரவில்லை. இருபது வருடமாக, நாற்பத்து இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சட்டி அடியைச் சுரண்டும் சத்தத்தோடு கூழ் வாங்குகிற மனிதர்.

பம்பை இரண்டு. வரலட்சுமி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பெரிப்பா," என்றான் ஹேமநாதன். "பஸ் கெளம்பிடுச்சு. நீங்க பின்னால ஓடியாறீங்க. கழுத்துல கல்யாண மாலை, தலைல கீத்து, ரெண்டு கக்கத்துலயும் தண்ணி கேனு."

ஆனந்தனின் முகம் இறுகியது. பம்பைக்காரர் கையை ஓங்கியவர் ஓங்கியபடியே நின்றார்.

"டிரைவரு கண்ணாடில பாக்குறாரு. நான் ஃபுட்போர்டுல நின்னுகினு ஓல்டான், ஓல்டான்னு கத்துறேன். பஸ்ஸு நிக்குது. உங்கள ஏத்தாம வண்டி நவராது. முன்னால ஏறுன நாப்பத்தி ரெண்டு ஊட்டுக்காரங்களும் உள்ள உக்காந்துகினு, வெயிட் பண்றாங்க."

அதுவரைக்கும் அந்தப் பஸ் ஒருநாளும் நின்றதில்லை. இப்போதுதான் முதல்முறையாக நின்றது. ஹேமநாதனே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனந்தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கேன கீழ வைக்க எடம் கீதா?"

"கீது பெரிப்பா. இன்ஜின் பக்கத்துல."

"சீட்டு?"

"ஜன்னலோரம். தேசிங்கு சித்தப்பா கர்ச்சீப் போட்டு புட்ச்சி வெச்சிருக்காரு."

நான்காவது வரிசையில் தேசிங்கு, தான் செய்த உதவியை ஏற்றுக்கொள்ளும் விதமாகத் தலையசைத்தார். ஆனந்தன் நீட்டியிருந்த தன் விரல்களை, யாருடையது இது என்பதுபோலப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு எழுந்து போய்ச் சொம்பை வாங்கினார். திரும்பும்போது மேடையருகே நின்றார்.

"அடுத்த வருஷமும் நீயே கூப்டு. ஆனா ஏசி பஸ்ஸா வை. மாலையோட ஓடியாந்தா வேர்க்குதா இல்லியா?"

செவ்வாய்க்கிழமை வேம்புலிக்குப் பல் வந்தது. முதல் வேலையாக நாற்பத்து மூன்று பேரையும் கணீரென்று சொல்லிக் காட்டினார். வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். முடித்ததும் வரலட்சுமி, "நல்லாத்தான் கீது அண்ணே, ஆனா கதையே இல்லியே," என்றாள். வேம்புலி பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, "அப்ப எனக்கு இது எதுக்கு?" என்றார். அது காற்றாகத்தான் வந்தது. ஆனால் எல்லாருக்கும் புரிந்தது.

ஹேமநாதனுக்கு வந்த தொல்லை வேறு. ஏற்றிய ஆட்கள் இறங்க மாட்டேன் என்றார்கள். தினமும் கல்லூரிக்குப் போகும்போது ஏரிக்கரையில் எருமை நுரையோடு நின்றது. வேலப்பன்சாவடியில் பச்சை விழுந்த பிறகும், பார்வதம் கையை இறக்கும்வரை பஸ் கிளம்பாது என்று அவனுக்குத் தோன்றியது. கரையான்சாவடித் தகரத்தைத் தாண்டும்போது காதைக் கொடுத்துக் கேட்டான். அக்கவுண்ட்ஸ் பாடத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடமெல்லாம் ஊர்க்காரர்கள் பிடித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை அயனம்பாக்கத்தில் பஸ் கிளம்பியபோது, பின்னால் யாரோ ஓடிவந்தார்கள். முதுகில் லேப்டாப் பை, கையில் டிபன் டப்பா. ஹேமநாதன் யோசிக்கவேயில்லை. ஃபுட்போர்டில் நின்றபடி, "ஓல்டான், ஓல்டான்," என்று கத்தினான். பஸ் நின்றது. ஏறியது எதிர் அடுக்குமாடியில் இருக்கும் நிஷா. ஐடி கம்பெனியில் வேலை; திருநெல்வேலிக்காரி. ஞாயிற்றுக்கிழமை பந்தலின் ஓரத்தில் ஸ்டீல் டம்ளரோடு நின்று கண்ணில் நீர்வரச் சிரித்தவள்.

"நீங்கதானே அன்னைக்கு மைக்ல கூப்பிட்டது?" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஆமா."

"எங்க பிளாட்ல நேத்து மீட்டிங் போட்டோம். அடுத்த வருஷம் எங்களையும் கூப்பிடுவாங்களான்னு கேக்கச் சொன்னாங்க. பொறவு ஊத்துற கூழ் போதும், வரிசைல கடைசியா இருந்தாலும் பரவால்ல. ஆனா கதை வேணுமாம்."

ஹேமநாதன் மனதுக்குள் கணக்குப் பார்த்தான். அவர்கள் வந்தால் நாற்பத்து நான்கு. நாற்பத்து மூன்று இனி கடைசி இல்லை. இதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தது. தண்ணீர் கேன் ஏஜென்சி ஒன்பது மணிக்குத் திறக்கும்.

ஒரு சிக்கல்தான். அவனுடைய பஸ் பூந்தமல்லியோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் ஆளை நிறுத்த இடம் இல்லை.

"கண்டக்டர் அண்ணே," என்றான். "பூந்தமல்லி தாண்டி திருமழிசை வரைக்கும் எந்த பஸ் போவுது?"

"ஏன், அங்க இன்னா வேல?"

"ஒரு அபார்ட்மென்ட்ட எறக்கி வுடணும்."

கண்டக்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. ஏரிக்கரையில் நாகம்மாவின் எருமை தலையைத் திருப்பி, தலையில் நுரையோடு, அவர்களை வழியனுப்பியது.